எக்ஸ்-ஃபைல்ஸ் உண்மைக் கதைகளா? இப்போது பார்க்கலாமா?

கேட்டிருப்பது இரண்டு விஷயம். 'தி எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடரில் வருபவை அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. நிஜமாகவே விசாரித்த வழக்குகளா, அப்படி ஒரு பிரிவு அங்கே உண்டா என்பது ஒன்று. முப்பது வருஷத்துக்கு முந்தைய தொடரை இப்போது உட்கார்ந்து பார்த்தால் தேறுமா என்பது இன்னொன்று.

முதலாவதற்குச் சுருக்கமான பதில்: கிடையாது. எஃப்.பி.ஐ. தலைமையகத்தின் அடித்தளத்தில் பேய், பிசாசு, பறக்கும் தட்டு வழக்குகளுக்கென்று ஓர் அறை இருந்ததில்லை. அப்புறம் ஏன் இத்தனை பேர் நம்புகிறார்கள் என்றால், அதில் பாதிப் பழி தொடரின் மேல்தான். 1993 செப்டம்பர் 10-ஆம் தேதி ஃபாக்ஸ் சேனலில் வந்த முதல் எபிசோட் ஓர் அறிவிப்போடு தொடங்கும். ஆவணங்களில் பதிவான உண்மைச் சம்பவங்களின் தூண்டுதலால் உருவான கதை இது என்று கறுப்புத் திரையில் எழுத்து வரும். திரையில் ஓரமாகத் தட்டச்சு ஓசையோடு ஊர் பெயர், தேதி, நேரம் எல்லாம் ஓடும். தொடரின் நாயகி ஸ்கல்லி கடைசியில் உட்கார்ந்து அறிக்கை எழுதுவாள். கதை சொல்கிறோம் என்ற பாவனையே இருக்காது; கோப்பு ஒன்றை நம் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்கிற மாதிரி இருக்கும்.

ஆனால் எஃப்.பி.ஐ.யிடம் இந்த மாதிரி காகிதம் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. அவைதான் சுவாரசியம்.

1950 மார்ச் 22 தேதியிட்டு ஒரு குறிப்பு உண்டு. வாஷிங்டன் கிளையின் தலைவராக இருந்த கை ஹோட்டல் என்பவர் தன் மேலதிகாரி எட்கர் ஹூவருக்கு அனுப்பியது. நியூ மெக்சிகோவில் மூன்று பறக்கும் தட்டுகள் கிடைத்தன, ஒவ்வொன்றிலும் மூன்றடி உயரத்தில் மூன்று உடல்கள் இருந்தன என்று ஒருவர் சொன்னதாக இன்னொருவர் சொன்னார் என்கிறது அந்தக் குறிப்பு. கூடவே, இது பற்றி மேற்கொண்டு எதுவும் ஆராயவில்லை என்றும் ஒரு வரி. அவ்வளவுதான். எஃப்.பி.ஐ. இணையத்தில் வைத்திருக்கும் பழைய கோப்புகளில் மக்கள் மிக அதிகமாகத் திறந்து பார்ப்பது இந்த ஒற்றைப் பக்கத்தைத்தான். 2013-இல் அவர்களே விளக்கம் சொன்னார்கள்: காதில் விழுந்ததைப் பதிந்து வைத்தோம், விசாரிக்கவே இல்லை.

இன்னொன்று எனக்கு இன்னும் பிடித்தது. 1976-இல் பீட்டர் பைர்ன் என்பவர், 'பிக்ஃபுட்' எனும் காட்டு ராட்சதனை வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தவர், கொஞ்சம் தோலோடு ஒட்டியிருந்த 15 முடிகளை எஃப்.பி.ஐ.க்கு அனுப்பிச் சோதித்துச் சொல்லுங்கள் என்று கேட்டார். சிரித்துத் தள்ளாமல் அவர்களும் ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தார்கள். மான் இனத்து முடி என்று பதில் எழுதினார்கள். அந்தக் கடிதப் போக்குவரத்து முழுவதும் 2019-இல் வெளியானது. நிஜ எக்ஸ்-ஃபைல் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் காட்டுவது இதைத்தான். கேள்வி பெரிது, கடைசியில் கிடைத்தது மான் முடி.

பறக்கும் தட்டு விஷயத்தை முறையாக விசாரித்தது எஃப்.பி.ஐ. இல்லை, விமானப்படை. 1952 முதல் 1969 வரை 'புராஜெக்ட் புளூ புக்' என்ற பெயரில் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு விமானப்படைத் தளத்திலிருந்து நடந்தது. வந்த புகார்கள் 12,618. அவற்றில் 701-க்குக் கடைசி வரை விளக்கம் கிடைக்கவில்லை. விளக்கம் கிடைக்காதது வேறு, வேற்றுக்கிரகவாசி வந்தது வேறு. தொடரின் நாயகன் ஃபாக்ஸ் மல்டர் வாழ்வது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சந்தில்.

சரி, தொடருக்கு வருவோம். பார்க்காதவர்களுக்காகக் கதையின் அடிப்படை: மல்டர் ஆக்ஸ்ஃபோர்டில் உளவியல் படித்த எஃப்.பி.ஐ. அதிகாரி. 1973-இல், அவனுக்குப் பன்னிரண்டு வயதில், கண்ணெதிரே தங்கை காணாமல் போகிறாள். வேற்றுக்கிரகவாசிகள்தான் தூக்கிப் போனார்கள் என்று நம்புகிறான். அலுவலகமே ஒதுக்கிவைத்த விடைதெரியா வழக்குகளை எடுத்துக்கொண்டு அடித்தளத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவனோடு வேலை செய்ய டேனா ஸ்கல்லி என்ற டாக்டரை அனுப்புகிறார்கள். வேலை செய்ய என்பது பேச்சுக்கு. அவன் செய்வதெல்லாம் விஞ்ஞானத்துக்கு ஒவ்வாதது என்று அறிக்கை எழுதி அந்தக் கடையை மூட வைப்பதுதான் மேலே இருப்பவர்களின் கணக்கு. அவள் வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று மல்டருக்கும் தெரியும்.

முதல் எபிசோடிலேயே தொடரின் மொத்த இலக்கணமும் வந்துவிடுகிறது. ஆரிகன் மாநிலத்தில் ஒரு சிற்றூர், காட்டில் இளைஞர்கள் செத்துக் கிடக்கிறார்கள். தோண்டியெடுத்த சவத்தின் மூக்கிலிருந்து ஓர் உலோகத் துண்டு கிடைக்கிறது. தங்கியிருந்த மோட்டல் தீப்பிடித்து மற்ற ஆதாரமெல்லாம் போகிறது. மிஞ்சிய அந்தத் துண்டை ஸ்கல்லி மேலதிகாரிகளிடம் நேர்மையாக ஒப்படைக்கிறாள். கடைசிக் காட்சியில், அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்ற ஆள், அதை ராணுவத் தலைமையகத்தின் கிடங்கில் கொண்டுபோய் வைக்கிறான். அதே போன்ற துண்டுகள் அந்தப் பெட்டியில் ஏற்கெனவே இருக்கின்றன. இனி இருநூறு எபிசோடுக்கும் இதுதான்: பார்த்தோம், கையில் இருந்தது, இப்போது இல்லை.

உருவாக்கியவர் கிறிஸ் கார்ட்டர். அலைச்சறுக்குப் பத்திரிகை ஒன்றில் வருஷக்கணக்காக வேலை பார்த்துவிட்டுத் தொலைக்காட்சிக்கு வந்தவர். சிறுவயதில் அவரைப் பயமுறுத்திய 'கோல்சாக்' என்ற தொடர்தான் விதை. 1974-75-இல் இருபதே எபிசோடோடு நின்றுபோன அதில் ஒரு பத்திரிகை நிருபர் வாரம் ஒரு பூதத்தைத் துரத்துவார். அதோடு கார்ட்டர் சேர்த்தது, அதிபர் நிக்சன் பதவி விலகக் காரணமான வாட்டர்கேட் ஊழல். அரசாங்கம் பொய் சொல்லும் என்பதைச் சின்ன வயதில் செய்தியாகப் பார்த்து வளர்ந்த தலைமுறை அவருடையது. மல்டருக்கு இருட்டில் வந்து துப்புக் கொடுக்கும் ஆளுக்கு 'டீப் த்ரோட்' என்று பெயர். வாட்டர்கேட்டில் செய்தியாளர்களுக்கு ரகசியம் சொன்னவருக்கு வைத்த அதே பட்டப்பெயர். இதில் ஒரு வேடிக்கை. அந்த நிஜ மனிதர் யார் என்று 2005-இல்தான் வெளியே வந்தது: மார்க் ஃபெல்ட், அந்தக் காலத்தில் எஃப்.பி.ஐ.யின் இரண்டாம் இடத்தில் இருந்தவர். எஃப்.பி.ஐ.க்குள்ளேயே அதன் தலைமையை மீறி உண்மையைக் கசியவிடும் ஒருவர் என்ற கற்பனை, கற்பனையாக இல்லாமல் போயிற்று.

இப்போது என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடர் மல்டரால் ஓடியது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 'நான் நம்ப விரும்புகிறேன்' என்ற அவனுடைய சுவரொட்டிதான் சட்டைகளில் அச்சாகி விற்றது. தொண்ணூறுகளின் கடைசியில் கேபிளில் ராத்திரி ஒளிந்து பார்த்தபோது நானும் அவன் ஆள்தான். மறுபடி பார்க்கும்போதுதான் தெரிகிறது, தொடரைத் தாங்குவது ஸ்கல்லி. ஆண் நம்புவான், பெண் ஆதாரம் கேட்பாள் என்று கார்ட்டர் வேண்டுமென்றே வழக்கத்தைத் திருப்பிப் போட்டார். சேனல்காரர்கள் அந்த வேடத்துக்கு இன்னும் கவர்ச்சியான நடிகை கேட்டார்கள். அப்போது 24 வயதே ஆன ஜில்லியன் ஆண்டர்சன்தான் வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார்.

ஆனால் அவளுக்கு நடப்பது அநியாயம். உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1996-இல் பி.பி.சி.யின் டிம்பிள்பி சொற்பொழிவில் இதைத்தான் பிடித்தார். ஒரு போலீஸ் தொடரில் வாரா வாரம் இரண்டு சந்தேகப் பேர்வழிகள், ஒருவர் கறுப்பர், ஒருவர் வெள்ளையர். ஒவ்வொரு வாரமும் குற்றவாளி கறுப்பரே என்று காட்டினால், கற்பனைதானே என்று சும்மா இருப்பீர்களா என்று கேட்டார். அது போலத்தான் இங்கே இரண்டு விளக்கங்கள், ஒன்று பகுத்தறிவு, ஒன்று அமானுஷ்யம், எப்போதும் ஜெயிப்பது இரண்டாவது என்றார்.

டாக்கின்ஸ் சொன்ன கணக்கு சரி. தராசில் எழுத்தாளர் கை வைத்திருக்கிறார் என்பதை யாரும் மறுக்க முடியாது. பிரபஞ்சமே மல்டர் பக்கம் எழுதப்பட்டிருக்கும்போது ஸ்கல்லி என்ன செய்தாலும் தோற்பாள். அவர் கணக்கில் எடுக்காதது, அவள் தோற்கும் விதம். ஒவ்வொரு வாரமும் திரும்பவும் கையுறை மாட்டிக்கொண்டு போஸ்ட்மார்ட்டம் செய்வாள், ரத்தத்தை ஆய்வகத்துக்கு அனுப்புவாள், வந்த முடிவை நம்புவாள், பிடிக்காத முடிவையும் எழுதி வைப்பாள். மல்டர் சொல்வது சரியாக இருக்கும். அவன் அங்கே போய்ச் சேர்ந்த வழி பெரும்பாலும் ஊகம். அவள் சொல்வது தவறாக இருக்கும், வழி சரி. பார்க்கிறவனுக்கு எது ஒட்டும் என்பதை வாராவார முடிவு மட்டும் தீர்மானிப்பதில்லை.

திரையில் பெண்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்று ஆராயும் ஜீனா டேவிஸ் நிறுவனம் 2018-இல் ஒரு கணக்கெடுப்பு வெளியிட்டது. ஸ்கல்லியைத் தெரிந்த, அறிவியல் தொழில்நுட்பத் துறைகளில் வேலை செய்யும் பெண்களில் 63 சதவீதம் பேர் அவளை முன்மாதிரியாகச் சொன்னார்கள். 'ஸ்கல்லி விளைவு' என்று இதற்குப் பெயரே ஆகிவிட்டது. இதை அப்படியே நம்பிவிடாதீர்கள்: அந்த ஆய்வில் ஃபாக்ஸ் நிறுவனமும் பங்காளி, தவிர இருபது வருஷம் கழித்து நினைவிலிருந்து சொன்ன பதில்கள். ஆனாலும் வாரா வாரம் தோற்ற பாத்திரத்துக்கு இது கொஞ்சநஞ்சப் பெயர் இல்லை.

முதல் சீசனில் 'பியாண்ட் த சீ' என்று ஒன்று உண்டு. ஸ்கல்லியின் அப்பா திடீரென்று இறந்துபோகிறார். மரண தண்டனைக்குக் காத்திருக்கும் லூதர் லீ பாக்ஸ் என்ற கொலைகாரன், செத்தவர்களோடு தன்னால் பேச முடியும் என்கிறான். இந்த முறை மல்டர்தான் அவனை நம்பமாட்டேன் என்கிறான், ஸ்கல்லி தடுமாறுகிறாள். அப்பா கடைசியாக என்ன சொல்ல நினைத்தார் என்பதை அவனால் சொல்ல முடியும் என்ற ஆசை. பிராட் டூரிஃப் நடிப்பு முதுகுத்தண்டில் ஓடும். கடைசியில் பாக்ஸ் சாவதைப் பார்க்கப் போகாமல், மருத்துவமனையில் மல்டரின் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இத்தனை பார்த்த பிறகும் ஏன் நம்பவில்லை என்று மல்டர் கேட்கிறான். நம்புவதற்குப் பயமாக இருக்கிறது என்கிறாள். நம்பிக்கைக்கும் சந்தேகத்துக்கும் நடுவில் ஒரு மகளின் துக்கம் இருக்கிறது என்பதை 45 நிமிஷத்தில் காட்டிவிட்டார்கள். எனக்கு மொத்தத் தொடரிலும் முதல் இடம் இதற்கே.

அறிவியல் பக்கம் அலட்சியமாகவும் விடவில்லை. முதல் சீசனின் கடைசி எபிசோடுக்கு ஆன் சைமன் என்ற வைரஸ் ஆய்வாளரிடம் ஆலோசனை கேட்டார்கள். அதில் ஒரு பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் வழக்கமான நான்கு எழுத்துகளுக்கு மேல் ஐந்தாவதும் ஆறாவதும் இருப்பதை ஸ்கல்லி தெரிந்துகொள்கிறாள்; பூமியில் எந்த உயிரிலும் இல்லாதது. அது ஒளிபரப்பானது 1994 மே. சரியாக இருபது வருஷம் கழித்து, 2014 மே மாதம், கலிஃபோர்னியாவில் ஃபிளாய்ட் ரோம்ஸ்பெர்க் குழுவினர் செயற்கையாக இரண்டு எழுத்துகளைச் சேர்த்து ஆறெழுத்து டி.என்.ஏ. கொண்ட பாக்டீரியாவை உண்டாக்கிவிட்டார்கள். வேற்றுக்கிரகத்துக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

இனி தொடரின் பலவீனம். ரசிகர்கள் 'மித்தாலஜி' என்று சொல்லும் அந்தப் பெரிய சதிக்கதை: வேற்றுக்கிரகவாசிகள், அவர்களோடு ஒப்பந்தம் போட்ட அரசாங்க ரகசியக் குழு, கறுப்பு எண்ணெய், தேனீக்கள். இது திட்டம் போட்டு எழுதியது என்று நினைக்காதீர்கள். இரண்டாம் சீசனில் ஜில்லியன் ஆண்டர்சன் கர்ப்பமாக இருந்தார். அவருடைய காட்சிகளைக் குறைக்க எக்ஸ்-ஃபைல்ஸ் பிரிவையே மூடி இருவரையும் பிரித்தார்கள். பிரசவ நேரத்தில் அவர் வர முடியாததால் ஸ்கல்லியைக் கடத்திவிட்டார்கள். அந்தக் கடத்தலில் என்ன நடந்தது என்ற கேள்வியிலிருந்துதான் பின்னால் அவள் கழுத்தில் பொருத்தியிருந்த மின்னணுச் சில்லு, புற்றுநோய், குழந்தை பிறக்காது என்ற துயரம் எல்லாமே கிளைத்தன. ஒரு நடிகையின் பேறுகால விடுப்பு தொடரின் முதுகெலும்பு ஆனது. முதல் மூன்று நான்கு சீசன்களில் இந்தச் சதி நிஜமாகவே மிரட்டும். பிறகு, தொடர் ஓடிக்கொண்டிருக்கும் வரை முடிவு சொல்ல முடியாது என்ற கட்டாயத்தில் முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டே போனார்கள். 2002 மே மாதக் கடைசி எபிசோடில் மல்டரை ராணுவ விசாரணையில் நிறுத்தி, சாட்சிகளை வரிசையாகக் கூப்பிட்டு ஒன்பது வருஷக் கதையைப் பாடமாக ஒப்பிக்க வைத்தார்கள். பரிதாபமாக இருக்கும். 2016-இல் திரும்பி வந்தபோது அதையும் புரட்டிப் போட்டார்கள்.

ஆக, தனிக்கதை எபிசோடுகளைப் பாருங்கள். ஈரலைத் தின்றுவிட்டு முப்பது வருஷம் தூங்கி எழுந்து, காற்றுக்குழாய் வழியே உடம்பை நெருக்கிக்கொண்டு நுழையும் டூம்ஸ் வரும் 'ஸ்க்வீஸ்'. அலாஸ்காப் பனியில் நான்கு சுவருக்குள் யார் உடம்பில் புழு இருக்கிறது என்று தெரியாமல் மல்டரும் ஸ்கல்லியும் ஒருவர் மேல் ஒருவர் துப்பாக்கி நீட்டும் 'ஐஸ்'. டாரின் மார்கன் எழுதியவை ஆறுதான், அத்தனையும் மணி. அவருடைய 'கிளைட் ப்ரக்மன்ஸ் ஃபைனல் ரெபோஸ்' 1996-இல் எழுத்துக்கும், அதில் நடித்த பீட்டர் பாயிலுக்கும் எம்மி விருது வாங்கியது. ஒவ்வொருவரும் எப்படிச் சாவார்கள் என்று தெரியும் ஆற்றல் ஒரு மனிதருக்கு வாய்க்கிறது. அவர் யாரென்றால் ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். எதிர்காலம் தெரிந்தும் பாலிசி விற்கத் தெரியாதவர். தன் சாவு எப்படி என்று ஸ்கல்லி கேட்கும்போது, உனக்குச் சாவில்லை என்பார். ரசிகர்கள் அந்த ஒரு பதிலை வைத்து இன்றும் சண்டை போடுகிறார்கள்.

பின்னாளில் 'பிரேக்கிங் பேட்' தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனும் இங்கே எழுதக் கற்றவர்தான். 'பேட் பிளட்' பாருங்கள்: ஒரே வழக்கை மல்டர் ஒரு மாதிரி, ஸ்கல்லி ஒரு மாதிரி சொல்வார்கள். அவள் கதையில் ஊர் ஷெரிஃப் அழகன்; அவன் கதையில் அதே ஷெரிஃபுக்கு முன்பல் துருத்திக்கொண்டிருக்கும். 1998-இல் அவர் எழுதிய 'டிரைவ்' எபிசோடில், மேற்கு நோக்கி வேகமாகப் போய்க்கொண்டே இருக்காவிட்டால் தலை வெடித்துவிடும் என்ற நிலையில் ஒரு முரட்டு ஆள் காரில் மல்டரைப் பிணையாக வைத்திருப்பான். வாயைத் திறந்தால் வெறுப்பு. ஆனாலும் கடைசியில் அவனுக்காக மனசு அடித்துக்கொள்ளும். நடித்தவர் பிரையன் கிரான்ஸ்டன். பத்து வருஷம் கழித்து 'பிரேக்கிங் பேட்' தொடருக்கு அவரைப் போட சேனல்காரர்கள் தயங்கியபோது, கில்லிகன் அவர்களுக்குப் போட்டுக் காட்டியது இந்த எபிசோடைத்தான்.

எந்த சீசன் வரை என்றால், முதல் ஐந்து. அவை கனடாவின் வான்கூவரில் எடுத்தவை. மழை, பனிமூட்டம், ஈரக்காடு, அதில் இரண்டு டார்ச் ஒளி. ஆறாம் சீசனிலிருந்து படப்பிடிப்பு லாஸ் ஏஞ்சலிஸுக்கு மாறியது. வெயில் வந்ததும் பாதிப் பயம் போய்விட்டது. ஆறிலும் ஏழிலும் நகைச்சுவை எபிசோடுகள் நன்றாக இருக்கும். எட்டில் மல்டர் பாதி நாள் இல்லை.

அந்த எட்டாம் சீசனில் இந்தியாவோடு ஒட்டிய 'பத்லா' என்ற எபிசோட் உண்டு. மும்பை விமான நிலையத்தில் தொடங்கும். அமெரிக்கக் கம்பெனியின் ரசாயன விபத்தில் மகனைப் பறிகொடுத்த, கால்கள் இல்லாத ஒரு பிச்சைக்காரர் சித்து வேலைகளால் பழிவாங்க அமெரிக்கா போகிறார். போபாலை நினைவில் வைத்து எழுதியது என்று பார்த்ததும் புரியும். அத்தனை பெரிய துயரத்தை எடுத்துக்கொண்டு, அந்த மனிதருக்கு ஒரு வாக்கியம்கூடப் பேசக் கொடுக்காமல் வெறும் அருவருப்புப் பூதமாக ஆக்கிவிட்டார்கள். நம் ஊர்க்காரர்கள் ஆசையாகத் தேடிப் பார்த்து ஏமாறும் எபிசோட் இது, ஆகவே முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

இன்று பார்க்கும்போது கொஞ்சம் நெருடும் ஒன்றும் உண்டு. அரசாங்கம் எல்லாவற்றையும் மறைக்கிறது, யாரையும் நம்பாதே என்பது 1993-இல் கலகக்குரல் மாதிரிக் கேட்டது. இதன் கிளைத்தொடர் 'த லோன் கன்மென்' 2001 மார்ச் 4-இல் தொடங்கியபோது, ஒரு பயணி விமானத்தை உலக வர்த்தக மையத்தில் மோதவைத்து அதைச் சாக்காக வைத்துப் போர் தொடங்கும் உள்நாட்டுச் சதிதான் முதல் கதை. ஆறு மாதத்தில் நிஜமாகவே விமானங்கள் மோதின. சதிக் கோட்பாட்டுக்காரர்கள் இந்த எபிசோடையே ஆதாரமாகத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். தடுப்பூசி முதல் நிலாப் பயணம் வரை எதையும் நம்பாத மாமா ஒருவர் எல்லாக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் இருக்கும் இந்தக் காலத்தில், மல்டரை முன்போல வெகுளியாக ரசிக்க எனக்கு முடிவதில்லை. அவன் பேசும்போது கை தானாக ஸ்கல்லியின் பக்கம் ஓட்டு போடுகிறது.

மொத்தம் 218 எபிசோட், இரண்டு சினிமா. எல்லாவற்றையும் பார்க்கத் தேவையில்லை. முதல் எபிசோட், 'ஸ்க்வீஸ்', 'ஐஸ்', 'பியாண்ட் த சீ' என்று நான்கைப் பாருங்கள். பிடித்தால் முதல் ஐந்து சீசன்களை வரிசையாகப் பார்த்துவிட்டு 1998 சினிமாவோடு நிறுத்திக்கொள்ளலாம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள், பாதிக் காட்சி இருட்டிலேயே நடப்பதால் பகலில் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். நான்காம் சீசனில் 'ஹோம்' என்ற ஒன்று வரும். தொடரிலேயே முதன்முதலாகப் பார்வையாளர்களுக்கு எச்சரிக்கை போட்டு ஒளிபரப்பியது அதைத்தான். சாப்பிட்டுக்கொண்டே பார்க்க வேண்டாம்.